ஏழாம் நம்பரின் அழுக்கு

காலையில் முகங்களைத் துலக்குவதும் மாலையில் விமானங்களை அழுக்காக்குவதுமாக ஒரே கையால் இரண்டு வேலை பார்த்தவள் அந்தத் தெருவில் ஒருத்திதான். மருந்துக் கடைக்கு மேலே, மாடிப்படி ஏறினால் இடது கைப்பக்கம் அவளுடைய அழகு நிலையம். சுழல் நாற்காலி இரண்டு, தலை கழுவும் தொட்டி ஒன்று, சுவரை அடைத்த கண்ணாடி, எந்நேரமும் ஹேர்ஸ்பிரே நெடி. அந்த நெடியில் மயங்கி விழுந்த கொசுக்கள் எழுந்து பறக்கும்போது தலைமுடி கலையாமல் பறந்தன என்று கீழே மருந்துக் கடைக்காரர் சத்தியம் செய்வார். தெரு முழுக்க அவளைப் பார்லரம்மா என்றே கூப்பிட்டது. ஊரிலுள்ள மணப்பெண்களையெல்லாம் சீவிச் சிங்காரித்து அனுப்பிய அவசரத்தில் தன் கல்யாணத்தை மறந்துவிட்டாள் என்று அவளுடைய அண்ணி சொல்வாள். உண்மைக் காரணம் வேறு. அது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

விமானம் என்றால் வானத்தில் போவது அல்ல, உள்ளங்கையில் உட்காருவது. போர் விமானங்களின் குட்டி உருவங்கள் பெட்டிக்குள் பிளாஸ்டிக் துண்டுகளாக வரும். ஒட்டி, வண்ணமடித்து, அலமாரியில் வைக்கிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். ஒட்டுவது பொறுமையுள்ள யாருக்கும் கைவந்துவிடும். ஒட்டிய பிறகு அது பொம்மைக் கடையிலிருந்து இறங்கியதுபோல் இல்லாமல், வெயிலில் கிடந்து, புழுதியில் உருண்டு, புகை கக்கி, போன இடத்திலிருந்து திரும்பி வந்ததுபோல் தெரிய வேண்டுமே, அதுதான் வித்தை.

இந்தப் பைத்தியத்தை அவளுக்கு ஒட்டவைத்தவர் எதிர்வரிசைப் பல் டாக்டர். அவருடைய மனைவி தலைக்குச் சாயம் போட்டுக்கொள்ள வரும் நாள்களில், டாக்டர் காத்திருப்பு நாற்காலியில் உட்கார்ந்து, பல் சுரண்டும் கொக்கியால் ஒரு விமானத்தின் இறக்கையில் கோடு கிழித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் போன் பேச வெளியே போனார். மேசைமேல் புத்தம் புதுப் பச்சை விமானம், கழுவி வைத்த வெள்ளரிக்காய் மாதிரி. பார்லரம்மாவுக்குக் கை சும்மா இருக்குமா? இமைக்குப் பூசும் செம்பழுப்புப் பவுடரைத் தூரிகையால் தொட்டு இறக்கை முழுக்கத் தடவிவிட்டாள்.

திரும்பி வந்த டாக்டர், நோயாளிகளைத் திறக்கச் சொல்வதைவிட அகலமாக வாயைத் திறந்தார்.

"அக்கா! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"துருப் பிடிச்ச மாதிரி இருக்கட்டுமேன்னுதான் டாக்டர். பழசா தெரியல?"

"விமானம் அலுமினியம் அக்கா. அலுமினியம் எங்கயாவது துருப் பிடிக்குமா? இது என்ன தகரக் கொட்டகையா?"

"அப்ப அது எப்படித்தான் பழசாகும்?"

டாக்டரின் கோபம் அங்கேயே அணைந்தது. இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்த மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் பேசி முடிப்பதற்குள் மனைவியின் தலைச் சாயம் வேண்டியதைவிட இரண்டு மடங்கு கறுத்துவிட்டது. அந்த அம்மாள் அதற்குப் பிறகு பல மாதங்கள் இருவரையும் மன்னிக்கவில்லை.

டாக்டர் சொல்லிக்கொடுத்ததைப் பார்லரம்மா தன் கடைச் சாமான்களாலேயே செய்து பழகினாள். முதலில் வெள்ளி நிறம் பூசுவாள். அதன்மேல் ஹேர்ஸ்பிரே. அது காய்ந்ததும் மேலே பச்சை. பிறகு தண்ணீர் தொட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்தால், அடியிலிருக்கும் ஹேர்ஸ்பிரே கரைந்து, பச்சை சின்னச் சின்னச் செதில்களாக உரியும். விமானி கால் வைத்து ஏறும் இடத்திலும், மூடிகளைத் திறந்து மூடும் திருகாணிகளைச் சுற்றிலும் அப்படி உரிந்து வெள்ளி எட்டிப் பார்க்க வேண்டும். மற்ற இடத்தில் உரிந்தால் அது பழசல்ல, பொய். தகடுகள் சேரும் கோடுகளில் தண்ணீராகக் கரைத்த கறுப்புப் பழுப்பை ஓடவிட்டு, பஞ்சுக் குச்சியால் முன்னிருந்து பின்னாக மட்டும் துடைப்பாள். காற்று அப்படித்தானே போகும்? மேல்பாகம் வெயிலில் வெளுத்திருக்க வேண்டும், அடிவயிறு எண்ணெயில் கறுத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே புகை. எஞ்சினுக்குத் தீனி, அதாவது பெட்ரோல், அதிகமானால் புகைக்கறை கறுப்பு, குறைந்தால் சாம்பல். புகைக்கு அவள் வைத்துக்கொண்டது கண்ணிமைப் பவுடர். கடைசியில் நிறமில்லாத மேல்பூச்சு ஒன்றை ஊதிவிட்டால் எல்லாம் அப்படியே நிற்கும்.

சில வருஷங்களில் குருவை மிஞ்சிவிட்டாள் என்று டாக்டரே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். குட்டி விமானக் கண்காட்சிகளில் அவளுக்குப் புகையக்கா என்று பெயர். அவள் வைத்த புகைக்கறையைப் பார்த்து டாக்டர் வீட்டுப் பூனை தும்மியதும், ஒரு பெரிய மனிதர் அவளுடைய விமானத்துக்குப் பக்கத்தில் வந்ததும் பயந்துபோய்ச் சிகரெட்டை அணைத்ததும் நடந்த கதைகள். நம்பாதவர்கள் பூனையைக் கேட்டுக்கொள்ளலாம்.

"எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான். ஆனா எண்ணெய் எந்த இடத்துல எப்படி வழியும்னு உங்களுக்கு மட்டும் எப்படிக்கா தெரியுது?" என்று டாக்டர் ஒருமுறை கேட்டார்.

"சட்டையில பாத்திருக்கேன் டாக்டர்" என்றாள்.

அது அவள் அண்ணனின் சட்டை.

பிறந்தபோது இவள் கைக்கடக்கமாக, தோல் சிவந்து, கண் திறக்காமல் கிடந்தாளாம். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, எலிக்குஞ்சு மாதிரி இருக்கு?" என்றாராம். அவருக்கு அப்போது மீசை அரும்பும் வயது. அன்று வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தபோது எலிக்குஞ்சுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகவில்லை. அண்ணன் விமானப்படையில் தரையில் நிற்கும் மெக்கானிக்காகச் சேர்ந்து, தங்கச்சியையும் படுக்கைச் சுருட்டோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார். விமானத் தளத்துக்குப் பின்னால் ஓட்டுவீடு. அண்ணனின் பொறுப்பில் ஒரே ஒரு விமானம், வாலில் ஏழு என்று எழுதியது, மூக்கில் காற்றாடி வைத்தது. சாயங்காலம் அவர் வரும்போது நீலச் சட்டையின் இரண்டு கைகளும் முழங்கை வரை எண்ணெயில் ஊறியிருக்கும். அந்தச் சட்டையைத் துவைப்பது எலிக்குஞ்சின் வேலை. சமையல் அண்ணன், துவையல் தங்கச்சி என்று ஒப்பந்தம். எஞ்சின் எண்ணெய் நடுவில் கறுத்து ஓரத்தில் தேன் நிறமாகப் பரவும் என்பதும், புகைக்கரி தண்ணீரில் போகாது, சோப்பில் குழைத்தால்தான் போகும் என்பதும் அவளுக்கு வாய்ப்பாட்டுக்கு முன்பே தெரியும்.

பிறகு அண்ணி வந்தாள், அண்ணன் ஓய்வுபெற்றார், எல்லாரும் இந்த நகரத்துக்குக் குடிவந்தார்கள், பார்லர் வந்தது, தலை நரைத்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்லரம்மா அண்ணன் வீட்டுக்குப் போவாள். "வா எலிக்குஞ்சு" என்பார். அவ்வளவுதான். அண்ணன் பேச்சில் கஞ்சன். அந்த இரண்டு வார்த்தையை வாங்கிக்கொண்டு வாரம் முழுவதும் ஓட்டிவிடுவாள்.

எண்பதைத் தாண்டியதும் அண்ணனுக்கு மறதி நோய் வந்தது. அது வீட்டைக் காலி செய்கிறவன் மாதிரி வேலை பார்த்தது. கடைசியாக வந்த சாமானை முதலில் வெளியே வைத்தது. பேரப்பிள்ளைகள் போனார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் போனார்கள், இளமையில் பார்த்து இப்போது தலை நரைத்துவிட்ட மனிதர்கள் எல்லாரும் போனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவள் உள்ளே நுழைந்ததும் அண்ணன் எழுந்து நின்று, மரியாதையாக, "வாங்கம்மா. உக்காருங்க. யாரைப் பாக்கணும்?" என்றார்.

வாங்கம்மா! கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவள் சிரித்திருப்பாள்.

"உங்க தங்கச்சிங்க" என்றாள் அண்ணி.

"அப்படியா? சந்தோஷம்" என்றார் அண்ணன், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்வதுபோல.

சமையலறையில் இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, அண்ணி பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "என்னைய மட்டும் மறக்க மாட்டேங்கறார்டி. மறந்தாலாவது கொஞ்சம் கால நீட்டி உக்காருவேன். அந்தக் குடுப்பினை உனக்குத்தான் கிடைச்சிருக்கு." சொல்லிவிட்டு அண்ணியே அழுதாள்.

அதற்குப் பிறகு பார்லரம்மாவுக்கு ஒரே ஓர் ஆசைதான். அண்ணன் போய்ச் சேருவதற்குள் ஒரே ஒரு தடவை அவர் வாயால் அந்தப் பெயரைச் சொல்லி இவளைக் கூப்பிட வேண்டும். டாக்டரிடம் போனாள்.

"மனுஷங்களத்தான் மறந்துட்டார். மெஷினை மறந்திருக்க மாட்டார். ஏழாம் நம்பரைச் செஞ்சு கையில குடுக்கப் போறேன். அதைப் பாத்தா அந்த வீடு ஞாபகம் வரும். அந்த வீடு வந்தா நான் வருவேன்ல?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், அது சுத்தமாக இருந்தும். "பெரிய அளவுல ஒரு பெட்டி தேடித் தர்றேன்க்கா" என்றார்.

தேடித் தந்தார். முழங்கை நீளம். ஒட்டுவதற்கே மழைக்காலம் கழிந்தது. மணப்பெண்களை உதவிக்காரியிடம் தள்ளிவிட்டு, கடையின் பின்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை பார்த்தாள். அண்ணன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஒரே புகைப்படத்தைக் கடன் வாங்கி வந்து எதிரே வைத்திருந்தாள். அண்ணன் ஏழாம் நம்பருக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நிற்கிறார். விமானம் பளிச்சென்று இருக்கிறது.

டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல அழுக்கே இல்லையேக்கா?" என்றார்.

"போட்டோவுக்காகத் துடைச்சிருப்பாங்க டாக்டர். அந்தச் சட்டைய நான் துவைச்சிருக்கேன். சட்டையிலேயே அவ்வளவு எண்ணெய்னா, மெஷின்ல எவ்வளவு இருந்திருக்கும்? கணக்குப் போட்டுக்குங்க."

இருவரும் சேர்ந்து அப்படியே கணக்குப் போட்டார்கள். எந்தத் தொழிலிலும் கெட்டிக்காரர்கள்தான் இவ்வளவு நம்பிக்கையோடு தப்புக் கணக்குப் போட முடியும்.

அவள் ஆயுளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. எஞ்சின் மூடிக்குக் கீழே எண்ணெய் கசிந்து, அடிவயிறு முழுக்க நாக்கு நாக்காகப் பின்னோக்கி ஓடியது. பக்கவாட்டுக் குழாய்களிலிருந்து கிளம்பிய புகை, நடுவில் சாம்பலும் ஓரத்தில் கறுப்புமாக, வால் வரை படர்ந்தது. இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் பூட்ஸ் கால்கள் தேய்த்த வெள்ளி, டயருக்கு மேலே தளத்தின் செம்மண் தெறித்த புள்ளிகள். மேல்பூச்சு மட்டும் ஊதவில்லை. ஊதினால் பவுடரின் உயிர் பாதி செத்துவிடும். அண்ணன் பார்க்கும்போது புகை அப்போதுதான் படிந்ததுபோல் இருக்க வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் டிரைவரை முறைத்தாள். அண்ணன் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தார். "வாங்கம்மா" என்றார். இவள் பெட்டியைத் திறந்து, ஏழாம் நம்பரை அவர் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். அண்ணி கதவோரம் வந்து நின்றாள்.

அண்ணன் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வாயைத் திறந்தார். இதோ வந்துவிட்டது என்று பார்லரம்மா ஓரடி முன்னால் வந்தாள்.

"எவன்டா இது?" என்றார் அண்ணன்.

அந்தக் குரலை அந்த வீடு கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

"எவன்டா இந்த மெஷினை இந்த லட்சணத்துல நிறுத்தினது? இது என்னோட மெஷின்டா!" தோளிலிருந்த துண்டை உருவினார். பக்கத்திலிருந்த டம்ளர் தண்ணீரில் முக்கினார். இவள் கையை நீட்டுவதற்குள் அடிவயிற்றில் வைத்து ஓர் இழுப்பு. மாதக்கணக்காக வளர்த்த புகை ஒரே வீச்சில் துண்டோடு போனது. ஈரம் பட்டதும் ஹேர்ஸ்பிரே இளகி, இறக்கையடியில் பச்சையும் பட்டை பட்டையாகக் கழன்றது. உச்சியிலிருந்த ஏரியல் கம்பி முறிந்து எங்கோ தெறித்தது.

"ஐயோ, என்னங்க! அவ கஷ்டப்பட்டுச் செஞ்சது" என்று அண்ணி ஓடி வந்தாள்.

"நீ சும்மா இரு. உனக்கென்ன தெரியும்?" அண்ணன் நிமிர்ந்து இவளைப் பார்த்தார். "நீதான் புதுசா வந்த ஆளா? வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிற? துணி எடு."

"அண்ணே..."

"அண்ணனாவது நொண்ணனாவது! இங்க வேலைன்னு வந்தா சார். துணி எடுன்னா?"

அவள் முந்தானையை எடுத்தாள். வேறு துணி கையில் இல்லை.

"எஞ்சின்னா கசியும்" என்றார், துடைத்துக்கொண்டே. "கசியலன்னா உள்ள எண்ணெயே இல்லன்னு அர்த்தம். ஆனா கீழ இறங்கினதும் ஒரு பொட்டு விடாம துடைச்சுடணும். பழைய எண்ணெய் கிடந்தா, புதுசா ஒழுகறது கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. தெரியாம மேல அனுப்பிட்டு, போனவன் திரும்பலன்னா? அவன் வீட்டுல போய் என்ன சொல்லுவ?"

"ஒண்ணும் சொல்ல முடியாது சார்" என்றாள் பார்லரம்மா.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எண்ணெய் சட்டையில் இருந்ததே அது விமானத்தில் இல்லை என்பதற்காகத்தான். புகைப்படத்துக்காக யாரும் துடைக்கவில்லை. ஏழாம் நம்பர் எல்லா நாளும் அப்படித்தான் நின்றிருக்கிறது. தன் அண்ணன் வாழ்நாள் முழுவதும் துடைத்ததையெல்லாம் தேடி எடுத்து ஒன்று விடாமல் திரும்பப் பூசிக்கொண்டு வந்திருக்கிறாள்.

விமானம் மொட்டையாகி வெளிறிப்போய் நின்றது. அண்ணன் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "ம். இப்ப போகலாம்" என்றார். அன்று அவர் தானாகவே நன்றாகச் சாப்பிட்டார். "இத்தனை மாசத்துல இன்னைக்குத்தான்டி முதுகு நேரா உக்காந்திருக்கார்" என்றாள் அண்ணி, இவள் கையைப் பிடித்துக்கொண்டு.

மறுநாள் டாக்டர் அந்த விமானப் பிணத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "மேல்பூச்சு அடிச்சிருக்கலாமேக்கா! எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"இப்ப அடிங்க டாக்டர். உரிஞ்ச பச்சையப் பூசி, மேல நல்லா கெட்டியா அடிச்சுக் குடுங்க. அழுக்கை அதுக்கு மேல நான் போட்டுக்கறேன். ஈரத்துணி பட்டா போற மாதிரி."

டாக்டர் விமானத்தைக் கீழே வைத்தார். "வாராவாரமா?"

"வாராவாரம்."

அப்படித்தான் நடந்தது. வாரம் முழுவதும் பின்னறையில் ஏழாம் நம்பரை அழுக்காக்குவாள். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பாள். அண்ணன் திட்டித் தீர்த்துக்கொண்டே துடைத்துத் தருவார். கண்மையைக் குழந்தை எண்ணெயில் குழைத்து எஞ்சின் எண்ணெய் தயாரித்தாள். ஒவ்வொரு வாரமும் ஒரு புதுக் கசிவை, வேண்டுமென்றே, வேறு வேறு இடத்தில் ஒளித்து வைத்தாள். ஒருதரம் சக்கரத் தண்டுக்குப் பின்னால், ஒருதரம் மூடியின் உள்விளிம்பில். அண்ணன் ஒன்றைக்கூட விட்டதில்லை. கண்டுபிடித்ததும் விரலால் தொட்டு அவள் மூக்குக்கு நேரே நீட்டி, "இது என்ன? சந்தனமா?" என்பார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் சார்" என்பாள். அந்த நகரத்திலேயே வாராவாரம் குளிக்கிற விமானம் அது ஒன்றுதான் என்றார் டாக்டர். கண்காட்சிக்குக் கேட்டார்கள். இல்லை என்றுவிட்டாள்.

அவளுக்கு அதில் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் அண்ணனை எதிரில் வைத்துக்கொண்டு சார் என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் நாக்கில் ஏதோ அறுபட்டது. பஸ்ஸில் திரும்பும்போது, யாருக்கும் கேட்காமல், "அண்ணே அண்ணே" என்று சொல்லிக்கொண்டு வருவாள், விட்டதைச் சரிக்கட்டுவதுபோல.

வெயில் ஏறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணனுக்கு வழக்கத்தைவிட மெதுவாகத்தான் துடைக்க முடிந்தது. மூச்சு வாங்கியது. இவள் எதிரே உட்கார்ந்து வாலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, விரலில் ஒட்டிய கறுப்பைத் தன் ரவிக்கைக் கையில் துடைத்துக்கொண்டாள்.

"ஏய், சட்டையில துடைக்காத" என்றார் அண்ணன்.

"ஏன் சார்?"

"உன் வீட்டுல யாரு துவைக்கிறா?"

"நான்தான் சார்."

"அப்ப சரி. தொலை." இறக்கையைத் துடைத்தபடி அவராகவே சொன்னார்: "எங்க வீட்டுல ஒரு வாண்டு துவைக்குது. எலிக்குஞ்சுன்னு பேரு."

பார்லரம்மா நிமிர்ந்து பார்த்தாள். எதற்காக மாதக்கணக்கில் தவம் கிடந்தாளோ அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தேவிட்டது. வந்து, அவளைத் தாண்டிப் போய், ஏதோ ஓர் ஓட்டுவீட்டில் சோப்பும் கையுமாக உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியின்மேல் உட்கார்ந்தது.

"யாரு சார் அது?" என்றாள்.

"என் தங்கச்சி. கை இத்தனூண்டு இருக்கும். நான் சட்டையிலதான் மெஷினைத் துடைப்பேன், துணி பத்தாது. அவ அந்த எண்ணெயப் போக்கணும்னு கல்லுல போட்டுத் தேய்ச்சு, விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு போச்சு. பென்சிலே பிடிக்க முடியல. டீச்சர்தான் கூப்பிட்டுச் சொன்னாங்க. இவ வாயத் திறக்கல. அழுத்தக்காரி." அண்ணன் துண்டை மடித்துப் புதுப் பக்கத்தை எடுத்தார். "அதுல இருந்து சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டுத்தான் மெஷின்கிட்டயே போறது. வெறுங்கை."

"புகைக்குழாய் சுடாதா சார்?"

"சுடத்தான் செய்யும். இப்ப இறங்கின மெஷின் ஐஸ்கட்டியாவா இருக்கும்?" சிரித்தார். "சுட்டா ஆறிடும். கையத் துவைக்கணும்னு யாரும் கல்லுல போட மாட்டாங்கல்ல?"

அவள் அவருடைய முன்கைகளைப் பார்த்தாள். இத்தனை வருஷமாகப் பார்த்த கைகள்தான். முடி முளைக்காமல், உருகிய மெழுகுபோல் பளபளக்கும் தழும்புகள். சின்ன வயதில் கேட்டபோது, மேகம் கடித்துவிட்டது என்றார். மேகத்துக்கு உள்பக்கம் பல் உண்டு, ரொம்பக் கிட்டே போனால் கவ்விவிடும் என்று கை கால் வைத்துச் சொல்லி அவளை வாரக்கணக்கில் வெளியே போகவிடாமல் பயமுறுத்தினார். வளர்ந்த பிறகு, ஏதோ ஒரு விபத்து என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். ஒரு விபத்தா அது? ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே சாய்வில், ஒரே அகலத்தில். அரைகுறையாகத் தெரியும் ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்து எந்தக் குழாயின் சூடு எந்தத் தகட்டில் எந்தச் சாய்வில் படிந்தது என்று சொல்லத் தெரிந்தவள் அவள். அந்தக் கண் இந்தக் கையில் ஒருநாளும் படவில்லை.

திடீரென்று ஒருநாளிலிருந்து சட்டைகள் சுத்தமாக வரத் தொடங்கியதும் அவளுக்கு நினைவு வந்தது. தனக்குத் துவைப்பு கைவந்துவிட்டது என்றே அப்போது நம்பினாள். பள்ளிக்கூடத்தில் போய், என்னைப்போல் எண்ணெய்க் கறை போக்க யாருக்கும் வராது என்று பீற்றிக்கொண்டாள். "நீதான்டி கெட்டிக்காரி" என்று அண்ணனும் ஒத்து ஊதினார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

எதிரில் உட்கார்ந்து அழ முடியாது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் சார் முன்னால் அழுவதில்லை. வாலில் கறுப்பு எப்போதோ போய்விட்டது. அவள் அந்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"போதும் விடு. தகடு தேஞ்சிடப் போகுது." அண்ணன் துண்டை விரித்து விமானத்தின்மேல் போர்த்தினார். பிறகு அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். கண்ணுக்குள் எதையோ தேடினார். தேடியது கிடைக்கவில்லை.

"முகம் வாடிக் கிடக்கே. உனக்கு வீட்டுல யாரு இருக்கா?"

"ஒரு அண்ணன் இருக்கார் சார்."

"நல்லா பாத்துக்குறாரா?"

அவள் துண்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"ரொம்ப நல்லா பாத்துக்கிட்டார் சார். எனக்குத்தான் தெரியல."

"அதெல்லாம் தெரிய வேண்டியதில்ல" என்றார் அண்ணன். "நேரமாச்சு. கிளம்பு. நீ போகலன்னா அவர் சாப்பிடாம உக்காந்திருப்பார்."

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேனே சார்."

"சொன்னாக் கேக்கணும். போ."

எழுந்தாள். கைப்பையை எடுத்தாள். வாசலில் அண்ணி, "என்னடி, அதுக்குள்ள? டீ போட்டுட்டேனே" என்றாள்.

"போகச் சொல்லிட்டார் அண்ணி. வீட்டுல அண்ணன் காத்துக்கிட்டு இருக்காராம்."

அண்ணி வாயில் துணியை வைத்துக்கொண்டாள்.

பார்லரம்மா தெருவில் இறங்கி நின்றாள். டீக்காக மெல்லத் திரும்பி உள்ளே போய்விடலாம் என்று ஒரு நினைப்பு. திரும்பிப் பார்த்தபோது அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். புது ஆள் நேராக வீட்டுக்குத்தான் போகிறாளா, வழியில் எங்கேயாவது வெட்டிக்கதை பேசி நிற்கிறாளா என்று பார்க்க எழுந்து வந்திருக்கிறார். தழும்பு விழுந்த கையைக் கம்பிக்கு வெளியே நீட்டி, போ, போ என்று ஆட்டினார். அவர் பார்த்துக்கொண்டே இருந்ததால் அவள் நடந்தாள். முனை திரும்பும் வரை வேகமாக நடந்தாள், வீட்டில் நிஜமாகவே யாரோ காத்திருப்பதுபோல.